எலா ஃபிளாக் யங்: சிகாகோ பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற ஆசிரியை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1909 ஜூலையில் சிகாகோ கல்வி வாரியம் 64 வயது ஆசிரியை ஒருவரைத் தேர்ந்தெடுத்து நகரத்தின் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் அவர் கையில் ஒப்படைத்தது. அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அதுதான் முதல்முறை. அவர் பெயர் எலா ஃபிளாக் யங். நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பாடம் எடுத்தவன். ஆசிரிய நண்பர்களிடம் இவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பள்ளி சூப்பரின்டெண்டென்ட் என்றால் என்ன வேலை? நம் ஊர் சி.இ.ஓ. மாதிரியா?

கொஞ்சம் அப்படி, ஆனால் முழுக்க அப்படி இல்லை. நம் அலுவலகங்களில் சூப்பரின்டெண்டென்ட் என்றால் எழுத்தர்களுக்கு மேலே உட்கார்ந்து கோப்புகளைப் பார்ப்பவர். அமெரிக்காவில் அந்தச் சொல் ஒரு நகரத்தின் அல்லது பள்ளி மாவட்டத்தின் எல்லாப் பொதுப் பள்ளிகளுக்கும் தலைவரைக் குறிக்கும். பொதுப் பள்ளி என்பது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி.

நம் முதன்மைக் கல்வி அலுவலரை மாநில அரசு நியமிக்கிறது, மாற்றுகிறது. பாடத்திட்டமும் சம்பளமும் சென்னையில் முடிவாகின்றன. அமெரிக்கப் பள்ளிக் கண்காணிப்பாளரை வேலைக்கு எடுப்பது அந்த ஊரின் கல்வி வாரியம். பாடம், ஆசிரியர் நியமனம், கட்டடம், செலவு எல்லாம் அவர் மேசைக்கு வரும். வாரியத்துக்குப் பிடிக்காவிட்டால் வேலையும் போய்விடும். யங் காலத்துச் சிகாகோவில் மேயர் நியமித்த 21 பேர் வாரியத்தில் இருந்தார்கள். அவர்கள் ஆண்டுதோறும் கூடிக் கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1913-இல் நடந்த கதைக்கு இதுதான் திறவுகோல்.

இந்தப் பதவி எப்போது தோன்றியது?

1837-இல் பஃபலோ நகரத்தில் நகரப் பள்ளிகளுக்கென்று ஒரு கண்காணிப்பாளரை வைத்தார்கள். சிகாகோவுக்கு 1854-இல்தான் முதல் கண்காணிப்பாளர் வந்தார். யங் பிறந்ததே பஃபலோவில்தான், 1845 ஜனவரி 15 அன்று.

சிறு வயதில் பள்ளிக்கே போகாமல் படித்தார் என்கிறார்களே, உண்மையா?

ஆமாம். உடல்நலம் சரியில்லாத குழந்தை என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள். தந்தை தகரம், தகடு வேலை செய்யும் கைவினைஞர். எட்டு, ஒன்பது வயது வரை எலாவுக்கு எழுத்தே தெரியாது. ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடம் தீப்பிடித்த செய்தியை அம்மா நாளிதழிலிருந்து வாசித்துக் காட்டினார். அந்தச் செய்தி சிறுமியின் மனத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. கேட்டதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே தாளைப் பார்த்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்து வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அகர வரிசையை முடித்துவிட்டு, அப்புறம் சொல், அப்புறம் வாக்கியம் என்று நாம் படி கட்டிக்கொண்டிருப்போம். பிள்ளையோ தனக்கு வேண்டிய ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே தாவிவிடும்.

ஆசிரியர் வேலைக்கு எப்படி வந்தார்?

குடும்பம் 1858-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. 15 வயதில் ஆசிரியர் தேர்வு எழுதினார், ஆனால் வேலை கொடுக்க வயது போதவில்லை. 1860-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. சின்னப் பிள்ளைகளோடு பழகிய அனுபவமே இல்லாத இவள் அவர்களிடம் கடுமையாக நடந்துகொள்வாளோ என்ற கவலை. எலா கோபித்துக்கொள்ளவில்லை. தெரிந்த ஆசிரியை ஒருவரின் வகுப்பில் போய் உட்கார்ந்து கவனித்தார், சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பழகினார். நம் பி.எட். மாணவர்கள் இன்று போகும் கற்பித்தல் பயிற்சியை யாரும் சொல்லாமல் தனக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்டார்.

1862-இல், 17 வயதில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளிலேயே நகரத்தின் ஓரத்தில் மாடு மேய்க்கும் முரட்டுப் பையன்களின் வகுப்பை அவரிடம் தள்ளிவிட்டார்கள். அவர்களில் சிலர் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர்கள்! அந்த வகுப்பை அவர் சமாளித்தார். மூன்றே ஆண்டுகளில், இருபது வயதில், ஆசிரியர் பயிற்சிக்கான மாதிரிப் பள்ளிக்குத் தலைவரானார்.

குடும்ப வாழ்க்கை?

1868-இல் வில்லியம் யங் என்ற வணிகரை மணந்தார். சில ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோரையும் முப்பது வயதைத் தொடும் முன்பே பறிகொடுத்தார். அதன்பின் பள்ளிதான் அவருக்கு எல்லாம்.

வகுப்பறையிலிருந்து அதிகாரியாகப் போனபின் என்ன செய்தார்?

1887 முதல் 1899 வரை உதவிக் கண்காணிப்பாளர். அந்தக் காலத்துச் சிகாகோவை நினைத்துப் பாருங்கள். 1860-இல் 1,12,172 பேர் இருந்த ஊர் 1910-இல் 21,85,283 பேர் வாழும் பெருநகரமாகிவிட்டது. நடுவில் 1871 அக்டோபரில் பெருந்தீ வேறு. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி.

இப்படிப் பெருகும் கூட்டத்தைச் சமாளிக்க அன்றைய நிர்வாகிகளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: மேலிருந்து கட்டளை போடு, கீழே எல்லோரும் ஒரே மாதிரிச் செய்யட்டும். யங் அம்மையார் தன் பகுதியில் வேறு வழியில் போனார். ஆசிரியர்களைக் கூட்டி உட்காரவைத்து, எந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறுகிறது, எது ஏறவில்லை, ஏன் என்று பேசவைத்தார். அதுதான் பின்னால் 'ஆசிரியர் அவை' என்ற யோசனையாக வளர்ந்தது.

1898-இல் வந்த கண்காணிப்பாளர் அதிகாரம் முழுவதையும் தன் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். வேலை செய்ய இடமில்லாத பதவியில் இருக்க யங் விரும்பவில்லை. 1899-இல் விலகிவிட்டார்.

ஐம்பது வயதில் மாணவியாகப் போனது ஏன்?

1894-இல் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தத்துவப் பேராசிரியராக வந்தார். மறு ஆண்டு அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தார் யங். அவருக்கு ஐம்பது வயது. டூயி அவரைவிட 14 வயது இளையவர்.

இதைக் குரு சிஷ்யைக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. டூயியிடம் சிந்தனை இருந்தது. ஒரு பெருநகரத்தின் பள்ளிகளில் முப்பது ஆண்டுக்கு மேல் நின்ற அனுபவம் இவரிடம் இருந்தது. பள்ளி விஷயத்தில் தான் பழகியவர்களிலேயே மிகுந்த விவேகம் உள்ளவர் யங்தான் என்று டூயியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜனநாயகம் என்பது பள்ளிக்கூடத்துக்குள் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதை டூயி பெரிதும் இவரிடமிருந்துதான் கண்டுகொண்டார் என்பது என் எண்ணம்.

1900-இல் யங் முனைவர் பட்டம் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பேராசிரியராகவும் இருந்தார். 1904-இல் டூயி சிகாகோவை விட்டுப் போனபோது இவரும் விலகினார். மறு ஆண்டு, தான் படித்த அதே பயிற்சிப் பள்ளியின் வழியில் வந்த சிகாகோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு முதல்வராகத் திரும்பி வந்தார்.

அவருடைய ஆய்வேடு என்ன சொல்கிறது?

என்னை இவரிடம் இழுத்ததே அந்த ஆய்வேடுதான். தலைப்பைத் தமிழில் 'பள்ளியில் தனிமைப்படுதல்' என்று சொல்லலாம்.

பள்ளி அமைப்பு பெரிதாகப் பெரிதாக அதன் உறுப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று அறுபட்டுப் போகின்றன என்கிறார் யங். மேலே இருப்பவர்கள் யோசிக்கிறார்கள், கீழே இருப்பவர்கள் நிறைவேற்றுகிறார்கள். பாடத்தை ஒருவர் வகுக்கிறார், இன்னொருவர் நடத்துகிறார், மூன்றாமவர் வந்து சோதிக்கிறார். பிள்ளையின் முகத்தை நாள்தோறும் பார்ப்பவருக்கு மட்டும் எதிலும் பேச்சில்லை. அப்படிப்பட்ட ஆசிரியர் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் கூலியாள் போல ஆகிவிடுகிறார். தானே யோசிக்க உரிமையில்லாத ஆசிரியரால் பிள்ளைகளை யோசிக்க வைக்க முடியாது. இதுதான் ஆய்வேட்டின் உயிர்நாடி.

அதற்கு மருந்தும் சொன்னார். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்கள் கூடிப் பேச ஓர் அவை, அதிலிருந்து பிரதிநிதிகள் போகும் மேல் அவை. அங்கே அச்சமில்லாமல் கருத்துச் சொல்லலாம். அதைக் கேட்டபின் முடிவெடுப்பதும், அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பதும் கண்காணிப்பாளரின் வேலை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு சுற்றறிக்கை வரும், ஆகஸ்டில் அதை மாற்றி இன்னொன்று வரும், இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போவோம். நான் வேலை பார்த்த பள்ளியில் இருபது ஆண்டுகள் இதுதான் நடந்தது. "உங்கள் வகுப்பில் இது நடக்குமா?" என்று ஒருவர்கூட ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த ஆய்வேட்டை முதலில் வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

1909-இல் அந்தப் பதவி அவருக்கு எப்படிக் கிடைத்தது?

அவருக்கு முன்னால் இருந்த எட்வின் கூலி காலத்தில் வாரியத்துக்கும் ஆசிரியர்களுக்கும் கடும் பகை மூண்டிருந்தது. ஆசிரியர்களுக்குத் தலைமையாசிரியர்கள் போடும் மதிப்பெண்ணை ஆசிரியருக்கே காட்டாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். பதவி உயர்வும் சம்பள உயர்வும் அதை ஒட்டித்தான். கூலி விலகியதும் இரு தரப்பும் நம்பக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். சிகாகோ ஆசிரியைகளில் பெரும்பாலோரை யங் தன் பயிற்சிப் பள்ளியிலோ தன் பகுதிப் பள்ளிகளிலோ நேரில் அறிந்தவர். பெண்ணால் இவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்க முடியுமா என்ற தயக்கம் வாரியத்தில் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

உலகிலேயே முதல் பெண் பள்ளிக் கண்காணிப்பாளர் இவர்தானா?

இல்லை. அமெரிக்காவிலேயே இவருக்கு முன்னால் பெண்கள் இருந்தார்கள். அயோவா மாநிலத்தில் ஜூலியா ஆடிங்டன் 1869-இலேயே ஒரு வட்டாரப் பள்ளிக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வடக்கு டகோட்டாவில் லாரா ஐசன்ஹூத் 1892-இல் மாநில அளவிலான பதவிக்கே வந்தார். பெருநகரம் ஒன்றின் பள்ளிகளுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் என்பதே யங் அம்மையாருக்குரிய பெருமை. 1910-இல் அமெரிக்கத் தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் வந்தார். அந்தச் சங்கம் தொடங்கி 53 ஆண்டுகள் கழித்துத்தான் அது நடந்தது.

பதவியில் இருந்த ஆறு ஆண்டுகளில் என்ன சாதித்தார்?

முதலில் ரகசிய மதிப்பெண் முறையை ஒழித்தார். ஆசிரியர் சம்பளத்தை உயர்த்த வழி செய்தார். ஆசிரியர் அவைகளை நகரம் முழுக்கக் கொண்டுவந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஏட்டில் எழுதியதை நடைமுறையில் செய்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாண்டுத் தொழிற்கல்விப் படிப்புகளையும் விரிவாக்கினார். படிப்பை நடுவில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளை இன்னும் இரண்டு ஆண்டாவது பள்ளியில் வைத்திருப்பது இதன் நோக்கம்.

பாலியல் கல்வியைக் கொண்டுவந்ததும் இவர்தானா?

ஆமாம். 1913-இல் சிகாகோ உயர்நிலைப் பள்ளிகளில் மருத்துவர்களை அழைத்து உடல்நலம், பாலியல் சுகாதாரம் பற்றி மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் தனித்தனியே உரைகள் நடத்தினார். அமெரிக்கப் பெருநகரப் பள்ளிகளில் அப்படி நடந்தது முதல்முறை. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது, வாரியம் அதைத் தொடரவிடவில்லை. பள்ளியில் இதைப் பேசலாமா என்று நாம் இன்னமும் தயங்கிக்கொண்டிருக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் 68 வயதில் ஒரு மூதாட்டி துணிந்து அதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1913 டிசம்பரில் அவரை நீக்கிவிட்டு, அதே மாதம் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். வாரியத்துக்கு அவர்மேல் ஏற்கெனவே அதிருப்தி. 1913 ஜூலையிலேயே, வாரியத்தினரின் தலையீட்டால் வேலை செய்ய முடியவில்லை என்று விலகல் கடிதம் கொடுத்தார். ஊரே கேட்டுக்கொண்டதால் அதைத் திரும்பப் பெற்றார்.

அப்புறம் டிசம்பரில் ஆண்டுத் தேர்தல் வந்தது. ரகசிய வாக்கெடுப்பு. யங்குக்குப் போதிய வாக்குகள் விழவில்லை. யார் தனக்கு எதிராகப் போட்டார்கள் என்பதே தெரியாத நிலையில் அவர் தன் பெயரை விலக்கிக்கொண்டார். உடனே வாரியம் அவருக்குக் கீழே இருந்த ஜான் ஷூப் என்ற உதவிக் கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

அங்கேதான் கணக்குத் தப்பியது. இல்லினாய் மாநிலத்தில் அதே 1913-ஆம் ஆண்டு நடுவில்தான் நகராட்சித் தேர்தலிலும் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்குக் கிடைத்திருந்தது. சிகாகோ பெண்கள் பெருங்கூட்டம் கூட்டினார்கள். ஜேன் ஆடம்ஸ் போன்ற சமூகத் தொண்டர்களும் யங் பக்கம் நின்றார்கள். ஆறு மாதத்துக்கு முன் நடந்திருந்தால் மேயர் இதைக் காதில் போட்டுக்கொண்டிருப்பாரா? இப்போது கூட்டத்தில் நின்றவர்கள் வாக்காளர்கள். மேயர் கார்ட்டர் ஹாரிசன் தான் நியமித்த சில உறுப்பினர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவைத்திருந்த விலகல் கடிதங்களை எடுத்து ஏற்றுக்கொண்டு, அந்த இடங்களில் வேறு ஆட்களை அமர்த்தினார். மாதம் முடிவதற்குள் யங் மீண்டும் தன் நாற்காலியில் இருந்தார்.

மேயர் செய்த முறையில் எனக்கு உடன்பாடில்லை. தேதி போடாத விலகல் கடிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒருவரை வாரியத்தில் உட்காரவைப்பதும் ஒரு வகை அடிமைத்தனம்தான். ஆனால் அந்தப் பெண்கள் எழுந்து நின்றதை நான் மனமாரக் கொண்டாடுகிறேன்.

ஆசிரியர் சங்கத்தோடு அவருக்கு என்ன உறவு?

சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு 1897-இல் தொடங்கியது. மார்கரெட் ஹேலி, கேத்தரின் காகின் என்ற இரு ஆசிரியைகள் அதன் தூண்கள். சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று வாரியம் கைவிரித்தபோது, பெரிய நிறுவனங்கள் கட்டாமல் விட்ட வரி எங்கே போயிற்று என்று தேடி வழக்குப் போட்டு 1901-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றவர்கள் அவர்கள். வந்த பணத்தைச் சம்பளத்துக்குக் கொடுக்காமல் வாரியம் வேறு செலவுக்குத் திருப்பியதால் இன்னொரு வழக்கும் நடத்தினார்கள்.

யங் அதிகாரி, அவர்கள் சங்கத்தினர். ஆனாலும் இரு தரப்புக்கும் நடுவே நல்ல மதிப்பு இருந்தது. வாரியத்தில் சிலருக்கு அதுவே உறுத்தியது. 1915 செப்டம்பரில் ஜேக்கப் லோப் என்ற உறுப்பினர் கொண்டுவந்த விதி, ஆசிரியர்கள் தொழிற்சங்கத்தில் இருக்கக் கூடாது என்று தடுத்தது. அதே ஆண்டு இறுதியில் யங் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு 68 ஆசிரியர்களை வாரியம் மீண்டும் நியமிக்க மறுத்தது. அவர்களில் பாதிக்கு மேல் கூட்டமைப்பினர்.

அவரிடம் குறையே இல்லையா?

இருந்தது. கண்டிப்பானவர். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் மதித்த அளவுக்கு அஞ்சவும் செய்தார்கள். அவர் அமைத்த ஆசிரியர் அவைகள் கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. அவர் இருக்கும்வரை அது போதுமானதாக இருந்தது. கேட்கும் மனமுள்ளவர் போனபின் அந்த அவைகளுக்கு வலு இல்லாமல் போயிற்று. தொழிற்கல்வி விஷயத்திலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தொழிலாளி மகனுக்கு இரண்டாண்டுத் தொழிற்படிப்பு, வசதியானவன் மகனுக்கு நான்காண்டுப் படிப்பும் கல்லூரியும் என்று பாதை பிரிந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. குலக்கல்வி என்று நாம் ஒரு காலத்தில் போராடி விரட்டியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த அச்சத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. யங் நோக்கம் அதுவல்ல என்று நம்புகிறேன், ஆனாலும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு?

உட்காரவில்லை. முதல் உலகப்போரின்போது அரசுக்குப் போர்க்கடன் பத்திரம் திரட்டும் பெண்கள் குழுவில் வேலை செய்தார். 1918-இல் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் அவரையும் பிடித்தது. அக்டோபர் 26 அன்று வாஷிங்டனில் இறந்தார். வயது 73.

அவருக்குப் பின் பெண்கள் நிறைய வந்தார்களா?

நகரப் பள்ளிகளை இனிப் பெண்களே நடத்துவார்கள் என்று 1909-இல் யங் நம்பிக்கையோடு சொன்னார். சிகாகோவிலேயே நிரந்தரக் கண்காணிப்பாளராக அடுத்த பெண் வர 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ரூத் லவ். இன்றும் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். கண்காணிப்பாளர்களிலோ சுமார் நான்கில் ஒருவர்தான் பெண்.

அந்த ஆய்வேட்டை இன்று வாசிக்க முடியுமா?

முடியும். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. நூறு பக்கத்துக்குச் சற்று மேல். ஆங்கில நடை பழையது, மெதுவாகத்தான் போகும். முதல் பகுதி வறட்சியாகத் தோன்றினால் நடுவே ஆசிரியர்களைப் பற்றி வரும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஒரு நல்ல தமிழாக்கம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.